இறைச்சியில் கெட்ட பக்டீரியாவை நல்ல பக்டீரியா அடக்குமா? பரந்தனில் சொசேஜ் தொழில் தொடங்க ஒரு கேள்வி

பரந்தன்_பொடியன்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டோடு கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். பெரும்பாலும் புறொயிலர், அம்மாவின் பிடிவாதத்தில் கொஞ்சம் ஊர்க்கோழி. உயிர்க்கோழியாகக் கொடுத்தால் வியாபாரி சொல்வதுதான் விலை. அதனால் சொசேஜ், மீற்போல் மாதிரி ஏதாவது செய்து, பக்கெற்றில் அடைத்து, ஏ9 வீதிக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று தம்பியும் நானும் யோசிக்கிறோம்.

ஒரு காணொளியில், இறைச்சிக்குள் நல்ல பக்டீரியாவைச் சேர்த்தால் அது கெட்டதை வளர விடாது, மருந்து ஒன்றும் போடத் தேவையில்லை என்றார்கள். உண்மையா? உண்மை என்றால் எங்கள் வீட்டு எருமைத் தயிரிலும் அந்தச் சாமான்தானே இருக்கிறது? அரைத்த இறைச்சியோடு இரண்டு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்தால் போதாதா? இங்கே கரண்ட் நினைத்த நேரம் போகும். பிரிட்ஜ் இல்லாமல் ஒரு நாளாவது தாங்கினால் பெரிய உதவி.

மாங்குளத்தார்

தம்பி, தயிர் விட்ட சொசேஜை முதலில் அந்த வியாபாரிக்கே கொடுத்துப் பார்.

பகிடி கிடக்கட்டும். எங்கள் அப்பு காலத்தில் பிரிட்ஜா இருந்தது? காட்டு இறைச்சியை வாட்டி, வத்தலாக்கி, தேன் முட்டிக்குள் அமுக்கி வாயைக் கட்டி வைப்பார்கள். மாதக்கணக்கில் கெடாது. இப்போது மான், மரையில் கை வைத்தால் வழக்கு. வைக்கவும் கூடாது. ஆனால் அந்த மனிதர்கள் எந்தப் பக்டீரியாவையும் விலைக்கு வாங்கவில்லை என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

ஆய்வுகூட_அக்கா

மாங்குளத்து அண்ணை, தேன் முட்டியில் வேலை செய்தது வேறு விஷயம். வாட்டிய இறைச்சியில் தண்ணீர் குறைவு, தேனில் அதைவிடக் குறைவு, போதாததற்குத் தேன் புளிப்பும் கூட. பக்டீரியாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, அவ்வளவுதான். கருவாட்டிலும் இதே கதை, தேனுக்குப் பதில் உப்பு.

பரந்தன் தம்பி கேட்டது உண்மையான தொழில்நுட்பம். ஆனால் அந்தக் காணொளி பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. நான் உணவுப் பரிசோதனை வேலையில் இருப்பவள், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறைச்சியில் நல்லதாகப் பயன்படுத்துவது பெரும்பாலும் லக்டிக் அமில பக்டீரியாக் குடும்பம். லக்டோபசிலஸ், பீடியோகொக்கஸ், லியூகொனொஸ்டொக் என்று பல பேர். இவை சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். அமிலம் ஏறினால் பல கெட்ட பக்டீரியாக்கள் படுத்துவிடும். இரண்டாவது, இருக்கிற சாப்பாட்டையும் இடத்தையும் முந்திப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இவற்றில் சில, பக்டீரியோசின் என்ற சிறிய புரதங்களைச் சுரக்கும். அது எதிரியின் மேற்சவ்வில் ஓட்டை போடும், உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிப் போகும்.

அந்தப் புரதங்களில் நைசின் பழையது. பாலைப் புளிக்க வைக்கும் ஒரு பக்டீரியாவிலிருந்து வருவது. 1969இல் உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு அதை ஏற்றுக்கொண்டது, அமெரிக்கா 1988இல் அனுமதித்தது. சீஸ் பக்கெற்றில் இ234 என்று இருந்தால் அதுதான். பீடியோகொக்கஸ் சுரக்கும் பீடியோசின் இன்னொன்று. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமிக்கு நல்ல அடி கொடுக்கும்.

இப்போது பாதகமான பக்கம். ஓட்டை போடும் வித்தை எல்லா எதிரியிடமும் பலிக்காது. சல்மொனெல்லா, ஈ. கோலி என்ற வயிற்றோட்டக் கிருமிகள் இரண்டுக்கும் வெளியே இன்னொரு உறை இருக்கிறது, நைசின் அதைத் தாண்டிப் போகாது. கோழி இறைச்சியில் முதல் தலையிடியே சல்மொனெல்லாவும், கம்பிலோபக்டர் என்ற இன்னொரு வயிற்றோட்டக் கிருமியும்தான். அதோடு பச்சை இறைச்சிக்குள் போட்ட நைசினில் ஒரு பகுதி கொழுப்போடு ஒட்டிக்கொண்டு வேலைக்கு வராமலே போய்விடும். ஆகவே உங்கள் கோழிச் சொசேஜுக்கு இதை ஒரு கவசம் என்று நம்பி இறங்க வேண்டாம்.

பரந்தன்_பொடியன்

நன்றி அக்கா. ஆனால் தயிர் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. எருமைத் தயிர் இரண்டு மூன்று நாள் வெளியில் இருந்தாலும் புளிக்குமே தவிரக் கெடாது. அதே சாமான் இறைச்சியில் ஏன் செய்யாது?

ஆய்வுகூட_அக்கா

பாலில் சர்க்கரை தாராளமாக இருக்கிறது. பாலைக் காய்ச்சும்போதே மற்றப் பக்டீரியாக்களில் பெரும்பகுதி செத்துப்போகும், அதன் பிறகு நாங்கள் உறை விடுகிறோம். வெறும் வீட்டுக்குள் தயிர் பக்டீரியா ராசா மாதிரி குடிபுகுகிறது. பச்சை இறைச்சியில் ஏற்கெனவே ஊரே குடியிருக்கிறது, சர்க்கரையும் மிகக் குறைவு. தயிரில் உள்ளவை இளஞ்சூட்டுக்குப் பழகியவை. பிரிட்ஜில் 4 பாகை செல்சியஸில் அவை தூங்கிவிடும். லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெதுவாக வளரும். வீட்டு முட்டியில் எந்த இனம் எவ்வளவு இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியாது. லக்டிக் அமிலக் குடும்பத்திலேயே சில இனங்கள் இறைச்சிப் புரதத்தைப் பிரித்து ஹிஸ்டமின் போன்றவற்றை உண்டாக்கும். சிலருக்கு முகம் சிவந்து தலையிடி வரும். தொழிலுக்கு விற்கும் இனங்களை இதையெல்லாம் சோதித்து, நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு மரபணுவைப் பரப்பாதவையாகப் பார்த்துத்தான் தெரிவு செய்கிறார்கள்.

கோழியைச் சமைக்க முதல் தயிரில் ஊறப்போடுங்கள், இறைச்சி மெதுவாகும், ருசியாகவும் இருக்கும். அதைப் பாதுகாப்பு முறையென்று பக்கெற்றில் எழுத முடியாது.

புதுக்குடியிருப்பு_டூ_ஜெர்மனி

ஊரைவிட்டு வந்து இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் பல வருடம் நிற்கிறேன். இந்தச் சாமானைத் தினமும் கையில் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்களுக்கு வருவது சின்ன அலுமினியப் பக்கெற். உள்ளே பால்மா மாதிரி வெளிறிய தூள். உறைய வைத்து உலர்த்திய பக்டீரியா அது. பிரீசரில்தான் வைக்க வேண்டும். வெளியே மறந்து வைத்தால் மேற்பார்வையாளர் பேச்சு வாங்கியே தீரவேண்டும். சலாமி, அதாவது வேகவைக்காமல் புளிக்க வைத்து உலர்த்தும் சொசேஜ், செய்யும்போது பன்றி இறைச்சியையும் கொழுப்பையும் பாதி உறைந்த நிலையில் பெரிய சுழல் கத்திச் சட்டியில் வெட்டுவோம். அப்போது தூளைத் தூவுவோம், கொஞ்சம் சர்க்கரை, கடைசியில் உப்பு. உப்பு 100 கிலோவுக்கு இரண்டரை, மூன்று கிலோ வரும். பிறகு குடலுக்குள் அடைத்து, 24 பாகை அளவில் ஈரப்பதம் கூடிய அறையில் தொங்கவிடுவோம். முதல் இரண்டு மூன்று நாளும் மானியைக் குத்தி அமிலம் பார்ப்பதுதான் வேலை. பிஎச் (புளிப்பை அளக்கும் எண், புளிப்புக் கூடக்கூட அது இறங்கும்) 5.3க்குக் கீழே இறங்கினால்தான் மூச்சு வரும். உரிய நேரத்துக்குள் இறங்காவிட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். விவாதமே கிடையாது.

ஏன் இவ்வளவு பயம் என்றால், அமிலம் ஏறப் பிந்தினால் ஸ்டபிலோகொக்கஸ் என்ற கெட்ட பக்டீரியா முந்திவிடும். அது விடும் நஞ்சு சூட்டுக்கு அழியாது. பிறகு பொரித்தாலும் அவித்தாலும் பக்டீரியாதான் சாகும், நஞ்சு அப்படியே கிடக்கும். அறை சூடு கூடக்கூட பிஎச் இறங்கக் கொடுக்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். வன்னி வெயிலில் 33, 34 பாகையில் ஓட்டுக் கொட்டிலில் சலாமி தொங்கவிடும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

வேகவைத்துச் சீவிய ஹாமுக்கு (பன்றித் தொடை இறைச்சி)ப் பயன்படுத்துவது வேறு வகை. அது புளிக்க வைக்காது, ருசியையும் மாற்றாது, குளிரில் மெதுவாக வளர்ந்து இடத்தைப் பிடித்திருக்கும். சீவிய துண்டுகளின் மேல் தெளித்துவிட்டுக் காற்று உறிஞ்சி அடைப்போம்.

மாங்குளத்தார்

வேகவைத்த பிறகு எதற்கு அது? வெந்தால் எல்லாம் செத்துவிடுமே.

புதுக்குடியிருப்பு_டூ_ஜெர்மனி

வெந்ததில் செத்துவிடும் அண்ணை. பிறகு கத்தி, மேசை, கை, சீவும் மெசின், வடிகால் என்று எங்கிருந்தாவது திரும்ப வந்து ஏறும். லிஸ்டீரியாவின் தொழிலே அதுதான். ஈரமான குளிரறையில் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று இல்லாத பக்கெற்றிலும் வளரும்.

தென்னாபிரிக்காவில் 2017–2018இல் நடந்ததை இங்கே ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வார்கள். பொலோனி என்ற பெரிய வேகவைத்த சொசேஜ். ஒரு தொழிற்சாலையில் லிஸ்டீரியா ஏறி, ஆயிரத்துக்கு மேல் நோயாளிகள், 200க்கு மேல் சாவு. அதில் கணிசமான பங்கு புதிதாகப் பிறந்த பிள்ளைகள். சமைக்காமல் அப்படியே பாணுக்குள் வைத்துத் தின்னும் மலிவுச் சாப்பாடு அது. ஏழைச் சனம்தான் அடி வாங்கியது.

முல்லை_நிலா

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தங்கச்சி பிள்ளைத்தாச்சி. கடைச் சொசேஜ் என்றால் அவளுக்கு உயிர், பக்கெற்றை வெட்டி அப்படியே கடிப்பாள். இதை வாசித்தபின் பயமாக இருக்கிறது. முற்றாக நிறுத்தச் சொல்லவா?

ஆய்வுகூட_அக்கா

அப்படியே கடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆவி பறக்கும்வரை உள்ளே சூடாக்கிச் சாப்பிடலாம், 70 பாகைக்கு மேல் சில நிமிடம் நின்றால் லிஸ்டீரியா தாங்காது. கர்ப்பிணிகளுக்கு இது வந்தால் தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல் மாதிரித்தான் இருக்கும், பிள்ளைக்குத்தான் ஆபத்து. காய்ச்சல், உடம்பு நோவு என்று வந்தால் கிளினிக்கில் சொல்லட்டும், தானாக மாறும் என்று இருக்க வேண்டாம். திறந்த பக்கெற்றை நாட்கணக்கில் பிரிட்ஜில் வைத்திருக்கவும் கூடாது.

இயற்கை_வழி

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். இறைச்சி கெடாமல் இருக்க நைட்ரைட் என்ற கெமிக்கலைப் போடுவதைவிட நல்ல பக்டீரியா எவ்வளவோ மேல் இல்லையா? வெளிநாட்டில் நைட்ரைட் சேர்க்காதது என்று எழுதியே விற்கிறார்கள். எங்கள் மக்கள் மட்டும் ஏன் இரசாயனம் தின்ன வேண்டும்?

புதுக்குடியிருப்பு_டூ_ஜெர்மனி

அந்தப் பக்கெற்றைத் திருப்பி வாசியுங்கள். செலரிச் சாறு அல்லது தூள் என்று இருக்கும். செலரியில் நைட்ரேற் நிறைய. அதோடு ஸ்டபிலோகொக்கஸ் கார்னோசஸ் என்ற பக்டீரியாவைச் சேர்த்தால் அது நைட்ரேற்றை நைட்ரைட்டாக மாற்றிவிடும். ஆக உள்ளே இருப்பது அதே நைட்ரைட், பெயர்ப் பலகைதான் பச்சை. இது எனக்கு ஒருபோதும் நேர்மையாகப் படவில்லை. (ஸ்டபிலோகொக்கஸ் என்றதும் பயப்பட வேண்டாம், இது நஞ்சு விடும் இனம் அல்ல.)

ஆய்வுகூட_அக்கா

நைட்ரைட் கூடினால் கூடாது என்பது சரி. அதனால்தான் எவ்வளவு போடலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைப் போடுவது நிறத்துக்காக மட்டும் அல்ல. காற்றில்லாத பக்கெற்றில் பொட்டுலினம் பக்டீரியா முளைத்து நஞ்சு விடாமல் தடுப்பதும் அதுதான். அதை எடுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஒரு காவல் வேண்டும்.

பரந்தன் தம்பியின் கரண்ட் பிரச்சினைக்குக் கிட்ட வரும் ஒரு வேலை 1980களில் அமெரிக்காவில் நடந்தது. பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சியில் நைட்ரைட்டைக் குறைத்து, சர்க்கரையும் லக்டிக் அமில பக்டீரியாவும் சேர்த்தார்கள். குளிர் சரியாக இருந்தால் பக்டீரியா சும்மா இருக்கும். யாராவது வெளியே மறந்து வைத்துச் சூடு ஏறினால், பொட்டுலினம் நஞ்சு விட முதலே இது எழும்பி இறைச்சியைப் புளிக்க வைத்துவிடும். அழகான யோசனை. கவனியுங்கள், அது அந்தப் பக்டீரியாவுக்கு, அந்தப் பொருளுக்கு, அளந்து பார்த்துச் செய்தது. கரண்ட் போன சொசேஜைப் பிறகும் விற்கலாம் என்பதற்கு அது அனுமதி அல்ல.

கால்நடை_ஐயா

கால்நடைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் சொசேஜையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தம்பி கோழி வளர்க்கிறவர். நல்ல பக்டீரியா உண்மையாகக் கைகொடுக்கும் இடம் குஞ்சுக் கூடுதான், இறைச்சி அரைக்கும் மெசின் அல்ல. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

1971 அளவில் பின்லாந்துப் புறொயிலர்களில் ஒரு சல்மொனெல்லா இனம் பரவி மனிதருக்கும் வந்தது. அங்கே நூர்மி, ரன்ராலா என்ற இருவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பொரித்து ஓரிரு நாளான குஞ்சுக்குச் சல்மொனெல்லா மிகச் சொற்பம் போனாலே தொற்றிவிடும். வளர்ந்த கோழி அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஏன்? வளர்ந்த கோழியின் குடலில் ஏற்கெனவே ஒரு கூட்டம் குடியிருக்கிறது. வவுனியாவில் சனம் ஏறி நிரம்பிய பஸ்ஸில் மாங்குளத்தில் நிற்கிறவருக்கு இடம் கிடையாது, அதே மாதிரி. இன்குபேற்றரில் பொரித்த குஞ்சின் குடல் வெறும் பஸ். முதலில் ஏறுபவர் சீற் பிடித்துவிடுவார்.

அவர்கள் நோயில்லாத வளர்ந்த கோழியின் குடல் பக்டீரியாக்களை எடுத்துப் புதுக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். சல்மொனெல்லா பிடிப்பது நன்றாகக் குறைந்தது. 1973இல் வெளியிட்டார்கள். பிறகு பின்லாந்தில் அதைப் பொருளாகச் செய்து, குஞ்சு பொரிக்கும் இடத்திலேயே தெளித்தும், முதல் தண்ணீரோடும் கொடுத்தார்கள்.

இப்போது உங்கள் அம்மாவின் ஊர்க்கோழியைப் பாருங்கள். அடைவைத்த தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிகிறது. தாய் கிண்டிய மண்ணையும் எச்சத்தையும் குஞ்சு முதல் நாளே கொத்துகிறது. பின்லாந்துக்காரர் ஆய்வுகூடத்தில் செய்ததை அது முற்றத்தில் செய்கிறது. அம்மா பிடிவாதம் பிடித்ததில் நியாயம் இருக்கிறது.

பரந்தன்_பொடியன்

ஐயா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இனி என் பாடு திண்டாட்டம்தான்.

அப்படியானால் நல்ல ஊர்க்கோழியின் எச்சத்தைத் தண்ணீரில் கரைத்துப் புறொயிலர்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கலாமா?

கால்நடை_ஐயா

கூடாது, கூடாது! எழுதும்போதே இந்தக் கேள்வி வரும் என்று நினைத்தேன். எச்சத்தோடு இரத்தக் கழிச்சல் வரும், ராணிக்கட் வரும், சல்மொனெல்லாவே வரும். கோழி சுகமாக நிற்கிறது என்பதற்காக அதன் குடலில் சல்மொனெல்லா இல்லை என்று அர்த்தமில்லை. பின்லாந்துப் பொருளை நோய்க்கிருமி இல்லையென்று சோதித்த பிறகே கொடுத்தார்கள். அப்படிச் சோதித்தும், உள்ளே இருக்கும் எல்லா இனத்துக்கும் பெயர் சொல்ல முடியாத கலவை என்பதால் சில நாடுகள் இலகுவில் அனுமதிக்கவில்லை. பெயர் தெரிந்த சில இனங்களை மட்டும் கலந்தால் பலன் குறைகிறது. அந்த இழுபறி இன்னும் முடியவில்லை.

கம்பிலோபக்டரில் இந்த வித்தை சரியாக எடுபடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதோடு, காரணமில்லாமல் தண்ணீரில் நுண்ணுயிர்க்கொல்லி கலக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது குடியிருந்த நல்ல கூட்டத்தையும் துரத்திவிடும், பஸ் திரும்ப வெறுமையாகும். குஞ்சுகளுக்கான புரோபயோட்டிக் (உயிருள்ள நல்ல பக்டீரியா) தூள் கடைகளில் வருகிறது. கால்நடை வைத்தியரைக் கேட்டு, திகதி பார்த்து வாங்குங்கள். வெயில் படும் தட்டில் அடுக்கி வைத்த பக்கெற்றில் உயிரோடு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இயற்கை_வழி

சரி, கோழிக்கூட்டில் நல்ல பக்டீரியா என்பதை ஏற்கிறேன். ஆனால் இறைச்சியில் வைரஸ் தெளிக்கிறார்கள் என்றும் வாசித்தேன். அதுவும் நல்லதுதான் என்பீர்களா?

ஆய்வுகூட_அக்கா

பக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ் அது, ஃபேஜ் என்பார்கள். 2006இல் அமெரிக்கா உடன் உண்ணும் இறைச்சியில் லிஸ்டீரியாவுக்கு எதிராக அனுமதித்தது. மனிதக் கலத்தில் அது தொற்றாது. வேலை செய்யும், ஆனால் பரந்தனில் யாரும் அதை இப்போது வாங்கப் போவதில்லை, விடுங்கள்.

தம்பிக்கு என் யோசனை. புளிக்க வைத்த சொசேஜ் பக்கம் போக வேண்டாம். முழுதாக வேகவைத்து, கெதியாகக் குளிர்த்தி, உறைய வைத்து விற்கும் பொருளில் தொடங்குங்கள். நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 75 பாகை காட்ட வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையும் வெந்ததை அடைக்கும் மேசையும் ஒன்றாக இருக்கக் கூடாது, முடிந்தால் ஆட்களும் வேறு. கடைக்குக் கொண்டுபோக முல்லைத்தீவு மீன்காரர் பாவிக்கும் ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் போதும். ஆனால் மீன் போட்ட பெட்டியையே இரவல் வாங்காதீர்கள். கரண்ட் போனால் பிரீசரைத் திறக்காதீர்கள். நிறைந்த பிரீசர் மூடியபடி ஒரு நாளுக்கு மேலும் குளிரைப் பிடிக்கும், அரைவாசிக்கு மேல் வெறுமையாக இருப்பது பிடிக்காது. தொடங்க முதல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடத்தைக் காட்டுங்கள். எல்லாம் கட்டி முடித்த பிறகு அவர் வந்து சுவரை இடிக்கச் சொன்னால் காசு வீண்.

நல்ல பக்டீரியா சேர்க்கும் ஆசை இருந்தால் அதை இரண்டாம் கட்டமாக வையுங்கள். அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, பரந்தனிலிருந்து தூரமில்லை. நேரில் போய் உணவு விஞ்ஞானம் படிப்பிப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். எந்த இனம், எந்தப் பொருள், எந்தச் சூடு என்ற மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். ‘நல்ல பக்டீரியா இருக்கிறதா’ என்று கேட்டால் தேநீர்தான் கிடைக்கும்.

பரந்தன்_பொடியன்

தெளிவாகச் சொன்னீர்கள் அக்கா, நன்றி. முதலில் வெப்பமானி, பிறகு பெரிய பிரீசர். தம்பி ஜெனரேற்றர் விலை விசாரிக்கிறான்.

ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. எச்சம் கரைத்துக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஊர்க்கோழித் தாயை அதன் குஞ்சுகளோடு புறொயிலர்க் குஞ்சுக் கூட்டுக்குள் கொஞ்ச நேரம் விட்டால்?

கால்நடை_ஐயா

அதுவும் வேண்டாம் தம்பி. தாய்க்கோழி வெளியில் திரிகிறது, காகம் கொத்தியதையும் கொத்துகிறது. புறொயிலர்க் கூட்டில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். இரண்டையும் தூரத்தில் வையுங்கள், தண்ணீர்ப் பாத்திரமும் தனித்தனியாக இருக்கட்டும். புறொயிலர்க் கூட்டின் வேலையை முதலில் முடித்துவிட்டு ஊர்க்கோழிப் பக்கம் போங்கள், திரும்பி வரக்கூடாது. கூட்டு வாசலில் ஒரு சோடிச் செருப்பு அதற்கென்றே கிடக்கட்டும்.